வெள்ளை பூசிய வெண்கலம்

உருவமா உள்ளடக்கமா என்று நாம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தச் சண்டையில் இரண்டு கட்சிக்காரர்களும், பேசி வைத்துக்கொண்டது போல, தொடாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். சந்தர்ப்பம், 2025 மே மாதம் நியூயார்க்கில் கிரீன்விச் வில்லேஜ் என்ற பகுதியில் நான் அலைந்த இரண்டு நாட்கள். பிரயாணக் கட்டுரை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. அதற்கென்று வாரப் பத்திரிகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எழுதுகிறவர்களும் விமானத்துக்கு விமானம் இருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் ஒரு விமர்சக நண்பரிடம் இதைச் சொன்னேன். பெயர் வேண்டாம், படிக்கிற நூறு பேருக்கும் தெரிந்துவிடும். "அங்கே போய் இதையா பார்த்தீர்? இது சமூகவியல் சமாசாரம். இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்றார். இந்த மனிதர்தான் டிலன் தாமஸ் வில்லேஜில் எந்த மதுக்கடையில் கடைசியாகக் குடித்தார் என்பதைப் பற்றி என்னிடம் ஒரு மணி நேரம் பேசியவர். டிலன் தாமஸ் 1953 நவம்பரில் செத்தது அதே வில்லேஜில் இருந்த ஸெயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியில். முப்பது வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஒரே கட்டிடத்தில் நிகழ்ந்த ஒரு சாவு இலக்கியம், மற்ற சாவுகள் சமூகவியல். இந்தப் பாகுபாட்டை யார், எப்போது, எந்த அதிகாரத்தில் செய்து வைத்தார்கள் என்பதே என் கேள்வி.

முதலில் அந்தத் தெரு. கிறிஸ்டஃபர் தெருவில் 53ஆம் எண் கட்டிடம், செங்கல் முகப்பு, ஸ்டோன்வால் என்ற பெயர்ப் பலகை. 1969இல் இது புண்ணிய ஸ்தலமாக ஒன்றும் இருக்கவில்லை. மாஃபியாக்காரர்கள் நடத்திய மட்டமான மதுக்கூடம். லைசென்ஸ் கிடையாது. கிளாஸ் கழுவக் குழாய்த் தண்ணீர் கிடையாது. போலீசுக்கு மாமூல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆணோடு ஆண் ஆடுவதற்கு ஊரில் வேறு இடம் கொடுப்பாரில்லாததால் அங்கே கூட்டம் சேர்ந்தது. அந்த வருஷம் ஜூன் 28, விடியாத வேளையில் போலீஸ் நுழைந்தபோது, வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறுகிறவர்கள் அன்று ஏறவில்லை. கலவரம் பல இரவுகள் நீடித்தது. மறு வருஷம் அதே தேதியில் ஊர்வலம். இன்று உலகமெங்கும் ஜூனில் நடக்கும் ஊர்வலங்களின் மூலம் இதுதான்.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1966 ஏப்ரலில், பக்கத்திலேயே ஜூலியஸ் என்ற மதுக்கூடத்தில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தன்பாலீர்ப்பு உள்ளவனுக்கு மது ஊற்றினால் கடையே ஒழுங்கீனமான இடமாகிவிடும், லைசென்ஸ் போய்விடும் என்பது அன்றைய நிலைமை. மாட்டஷீன் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சிலர், கோட்டும் டையுமாகப் போய், நாங்கள் இன்னார், எங்களுக்குக் குடிக்கக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கடைக்காரன் கிளாஸின் வாயைக் கையால் மூடினான். அந்தக் கணத்தைப் புகைப்படமாக எடுத்திருக்கிறார்கள். கிளாஸின் மேல் கவிழ்ந்த ஒரு கை. கோபம் இல்லை, வன்முறை இல்லை, ஒரு சின்ன அன்றாடச் செய்கை. நான் பார்த்த நினைவுச் சின்னங்கள் எதுவும் இந்தப் படத்துக்கு ஈடாகவில்லை. நம்மூர் டீக்கடையின் தனி டம்ளரை அறிந்தவனுக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி சிற்பத்துக்கு வருகிறேன். மதுக்கூடத்துக்கு எதிரே கிறிஸ்டஃபர் பூங்கா, முக்கோண வடிவில் ஒரு துண்டு நிலம். அதில் ஜார்ஜ் ஸீகல் செய்த நான்கு உருவங்கள். இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள். ஒருவன் கை மற்றவன் தோளில். இரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கை மற்றவளின் தொடையில். வெண்கலத்தில் வார்த்து மேலே வெள்ளை பூசியது. 1979இல் ஒப்படைக்கப்பட்ட வேலை, 1980இல் முடிந்தது, ஆனால் இந்தப் பூங்காவில் அது நின்றது 1992இல். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷமும் தகராறு. அக்கம்பக்கத்தார் வேண்டாம் என்றார்கள். இன்னொரு வார்ப்பை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1984இல் வைத்தபோது யாரோ சுத்தியலால் அடித்துச் சிதைத்தார்கள். சிற்பி தன்பாலீர்ப்பாளர் இல்லையே என்ற ஆட்சேபம் வேறு.

ஸீகல் ஏனோதானோ சிற்பி அல்ல. உயிரோடு இருக்கும் மனிதர்கள்மேல் பிளாஸ்டர் நனைத்த துணியைச் சுற்றி, காய்ந்ததும் கழற்றி, அந்தக் கூட்டிலிருந்து உருவம் எடுப்பது அவர் வழி. ஆகவே அவர் உருவங்கள் வெள்ளை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனும் வெள்ளை, 1984இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் யூதப் படுகொலைக்கு அவர் அமைத்த நினைவுச் சின்னத்தில் கிடக்கும் பிணங்களும் வெள்ளை. அது அவருடைய கையெழுத்து. மியூசியத்தில் அந்த வெள்ளைக்கு ஒரு அர்த்தம் உண்டு: தெருவில் நம்மைக் கடந்து போகிறவன் நமக்கு எவ்வளவு தூரம் முகமற்றவன் என்ற திகைப்பு. நம் உருவவாதிகள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். படைப்பு தனக்குள் பூரணமானது, வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றாதே என்பார்கள்.

ஆனால் அந்த வெள்ளையைக் கொண்டுபோய் கிறிஸ்டஃபர் பூங்காவில் வைத்ததும் அது வேறொன்றாகிவிட்டது. அந்தத் தெருவில் அந்த இரவில் அடிபட்டவர்களில் கறுப்பர்கள் உண்டு, போர்ட்டோ ரீக்கர்கள் உண்டு, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பையன்கள் உண்டு, புடவை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு பெண்ணாகத் தெருவில் நடந்து அதற்காகவே கைதானவர்கள் உண்டு. அவர்கள் இடத்தில் நாகரிகமாக, கட்டுக்கோப்பாக, மெலிந்த, அமைதியான நான்கு வெள்ளை உடல்கள். பணம் கொடுத்த அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்திருந்தது: அன்பும் பரிவும் தெரிய வேண்டும், ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டும். கலவரத்துக்கு நினைவுச் சின்னம் கேட்டவர்கள் கலவரம் தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள்! சிற்பி கொடுத்தார். தனக்குள் பூரணமான உருவம், தெருவில் பொய் சொல்கிறது.

2015இல் இரண்டு பேர் இரவோடு இரவாக வந்து, நின்றிருந்த உருவங்களின் முகத்திலும் கையிலும் கறுப்புப் பழுப்பு வர்ணம் அடித்து, விக் வைத்து, உடுப்பு மாட்டிவிட்டுப் போனார்கள். கலவரத்தை முன்னின்று நடத்தியவர்கள் கறுப்பின, லத்தீனத் திருநங்கைகள் என்று ஒரு அட்டையும் வைத்தார்கள். கலையைப் பாழ்படுத்தினார்கள் என்று ஒரு பக்கம் கூச்சல். நான் அதைக் கலைப் பாழ் என்று நினைக்கவில்லை. ஸீகலின் சிற்பத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் அது ஒன்று, அச்சில் வராத விமர்சனம். சுத்தியல் எடுத்தவன் அந்த உருவங்களை இருக்க விடாதே என்றான். வர்ணம் எடுத்தவர்கள் இருக்க வேண்டியவர்கள் எங்கே என்று கேட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் போடுவது சோம்பேறித்தனம்.

இதில் நான் அந்த வர்ணக்காரர்களோடும் முழுக்க உடன்படவில்லை. மார்ஷா பி. ஜான்ஸன் முதல் கல்லை எறிந்தார் என்று இன்று பாட்டாகப் பாடுகிறார்கள். தான் வந்து சேர்ந்தபோது கலவரம் ஏற்கனவே தொடங்கிவிட்டது என்று மார்ஷாவே சொல்லியிருக்கிறார். ஸில்வியா ரிவேரா அந்த இரவில் அங்கே இருந்தாரா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் சண்டை. முதல் கல் யார் கையிலிருந்து என்று தேடுவது ஸ்தல புராணம் எழுதுகிறவன் வேலை. இந்த இருவரின் பெருமைக்கு அந்தக் கல் தேவையில்லை. 1970இல் இருவரும் சேர்ந்து, தெருவில் கிடந்த திருநர் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சோறும் கொடுக்க ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் உடம்பை விற்று வாடகை கட்டினார்கள்.

சிற்பம் பூங்காவில் நின்றது 1992 ஜூனில் என்றேன். அதே வருஷம் ஜூலை 6ஆம் தேதி, அதே கிறிஸ்டஃபர் தெரு போய் முடிகிற ஹட்ஸன் ஆற்றில் மார்ஷாவின் உடல் மிதந்தது. தற்கொலை என்று போலீஸ் கோப்பை மூடியது. நண்பர்கள் ஒப்பவில்லை. இருபது வருஷம் கழித்து, 2012இல்தான் கோப்பைத் திறந்தார்கள். பூங்காவிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம். நான் நடந்தேன். திறப்பு விழாவுக்கும் பிணத்துக்கும் இடையே இருந்தது அவ்வளவு தூரம்தான்.

2019இல் நியூயார்க் நகர நிர்வாகம் இந்த இருவருக்கும் சிலை வைப்பதாக அறிவித்தது. அறிவிப்பு அறிவிப்பாக இருக்கையில், 2021இல் ஒரு சிற்பி தானாகவே மார்ஷாவின் மார்பளவு உருவம் ஒன்றைச் செய்து இந்தப் பூங்காவில் கொண்டுவந்து வைத்தார். பூங்காவில் நிலையாக, கம்பீரமாக நிற்பது ஜெனரல் ஷெரிடன். செவ்விந்தியர்களை வேட்டையாடிய படைகளின் தளபதி. அவருக்கு யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

2016 ஜூனில் ஒபாமா இந்த இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 2019இல் நியூயார்க் போலீஸ் கமிஷனர் ஐம்பது வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டார். 2024இல் பார்வையாளர் கூடம் திறந்தது, நிறுவனங்களின் நன்கொடையில். எல்லாம் சுபமாக முடிந்ததென்று தோன்றும். 2025 பிப்ரவரியில் புது நிர்வாகம் வந்த சூட்டில், இந்தச் சின்னத்துக்கான அரசாங்க இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற சொல்லை நீக்கினார்கள். சுருக்கத்தில் அவர்களைக் குறிக்கும் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஸ்தாபனம் நினைவை ஏற்றுக்கொள்வதன் விலை இதுதான். எழுதும் கை அதனுடையது என்றால் அழிக்கும் கையும் அதனுடையதே.

ஆனால் அந்த ஒரு எழுத்தை முதலில் அழித்தவன் அரசாங்கக் குமாஸ்தா அல்ல. இதை அந்தத் தெருவில் யாரும் உரக்கச் சொல்லக் காணோம். 1973இல் வாஷிங்டன் சதுக்கத்தில் நடந்த விடுதலைக் கூட்டத்தில் ஸில்வியா ரிவேரா மேடை ஏறியபோது கூச்சலிட்டு அவமானப்படுத்தியவர்கள் அவருடைய சொந்த இயக்கத்தார். சிறையில் அடிபட்டுக் கிடக்கிறவர்களைப் பற்றிப் பேச வந்தார் அவர். கேட்டவர்களுக்கு மரியாதை தேவைப்பட்டது. 2002இல் நியூயார்க் மாநிலம் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது பாலின அடையாளத்தை விட்டுவிட்டார்கள். சட்டம் நிறைவேறுவது முக்கியம், இவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம். அந்த அப்புறம் 2019இல்தான் வந்தது. அதற்குள் ஸில்வியா, 2002 பிப்ரவரியிலேயே, ஸெயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியில் இறந்து போயிருந்தார். இப்போது அவர் பெயரில் ஒரு தெரு முனை இருக்கிறது.

ஆம், அதே ஆஸ்பத்திரி. 1849இல் ஏழைகளுக்காகக் கன்னியாஸ்திரீகள் தொடங்கியது. 1984இல் எய்ட்ஸுக்குத் தனி வார்டு திறந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதுவே முதல். அந்தக் காலத்தில் வேறு இடங்களில் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். பிணத்தைத் தொட அடக்கம் செய்பவர்கள் மறுத்தார்கள். நியூயார்க்கில் இந்த நோயில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். கேட்பாரற்றவர்களைப் புதைக்கும் ஹார்ட் தீவில், 1985இல் எய்ட்ஸில் இறந்த 17 பேரை, மற்றப் பிணங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்ததுபோல், தீவின் தெற்குக் கோடியில் தனித்தனியாக ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆஸ்பத்திரி 2010இல் கடன் தாங்காமல் மூடியது. அந்த இடத்தில் இன்று கோடீசுவரர்களுக்கான அடுக்குமாடிகள். எதிரே ஒரு சிறு முக்கோணத் திடல் ஒதுங்கியது. 2016 டிசம்பர் 1ஆம் தேதி அங்கே எய்ட்ஸ் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

அது நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. முக்கோணங்களாலான வெள்ளை எஃகுப் பந்தல், பதினெட்டு அடி உயரம். உருவம் கிடையாது, முகம் கிடையாது. அடியில் உட்கார பெஞ்சுகள், நடுவில் தண்ணீர். தரைக் கற்களில் ஜென்னி ஹோல்ஸர் எழுத்துப் பொறித்திருக்கிறார். எழுத்து வால்ட் விட்மனுடையது, தன்னைப் பற்றிய அவருடைய நீண்ட கவிதையிலிருந்து. நின்ற இடத்தில் நின்று படிக்க முடியாது. குனிந்துகொண்டு நடக்க வேண்டும். நான் குனிந்து நடந்தபோது பெஞ்சில் ஒரு கிழவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். சின்னத்துக்கு வந்தவரா, சாப்பிட வந்தவரா, தெரியவில்லை. அந்த இரண்டுக்கும் அங்கே இடம் இருந்தது. ஸீகலின் நால்வர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் தின்னக் காணோம். புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

விட்மன் அங்கே வெறும் அலங்காரம் அல்ல. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில், சாகக் கிடந்த இளைஞர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழம் கொடுத்து, கடிதம் எழுதிக் கொடுத்து, முத்தமிட்டு அனுப்பியவர் அவர். அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே அவர் எழுத்து கிடப்பதற்கு நியாயம் உண்டு.

இங்கேதான் என் நண்பரின் கேள்விக்குப் பதில் தொடங்குகிறது. நம் நவீன கவிதை விட்மனிடம் பட்ட கடன் எல்லோரும் அறிந்தது. பாரதி விட்மனின் நகரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ந. பிச்சமூர்த்தி 1934இல் மணிக்கொடியில் 'காதல்' எழுதியதற்குத் தூண்டுதலாக இருந்தது விட்மனின் புல்லின் இதழ்கள். 1959இல் தொடங்கிய 'எழுத்து' அந்த வழியை ஒரு இயக்கமாக்கியது. நாம் இன்று கையாளும் வரி அங்கிருந்து வருகிறது. இதை எத்தனையோ கட்டுரைகளில் எழுதிவிட்டோம். யாப்பை உடைத்தவர், வசனத்துக்கும் கவிதைக்கும் நடுவில் பாலம் கட்டியவர், ஜனநாயகக் கவி. சரி. 1860ஆம் வருஷப் பதிப்பில் அவர் சேர்த்த கலாமஸ் என்ற பகுதியைப் பற்றி எந்தக் கட்டுரையில் எழுதினோம்? ஆணுக்கு ஆணிடம் உண்டாகும் நேசத்தைப் பற்றிய பகுதி அது. பிரிவும் ஏக்கமும் கூச்சமும் பொறாமையும் அதில் உண்டு. நண்பர்கள் கூடி வாழும் ஒரு நகரமும் உண்டு. விட்மனிடம் நகரங்கள் பல. நம்மவர்கள் அந்த ஒரு ஊருக்கு மட்டும் டிக்கெட் வாங்கவில்லை.

அந்த நீண்ட வரி எதற்காக நீண்டது என்று நாம் கேட்கவில்லை. வண்டிக்காரன், படகுக்காரன், விலைமகள், ஓடிவந்த அடிமை என்று அடுக்கிக்கொண்டே போகிற அந்த வரி, யாப்பு அலுத்துப்போனதால் நீண்டதல்ல. யாரையும் வெளியே நிறுத்த மனமில்லாத ஒரு உடம்பின் ஆசை அதில் இருக்கிறது. தொட விரும்பிய, தொடுவதைச் சொல்ல முடியாத உடம்பு. அந்த உடம்பைக் கழித்துவிட்டு வரியை மட்டும் இறக்குமதி செய்தோம். விளைவு, வசனத்தை மடக்கிப் போட்டால் கவிதை என்று பிற்பாடு வந்த கூட்டம். அதற்காக இன்று வருத்தப்படுகிறவர்கள், விதை நெல்லில் எதைப் பொறுக்கி எறிந்தோம் என்று பார்த்திருக்க வேண்டும். நாம் செய்ததும் ஸீகல் செய்ததும் ஒன்றுதான். உடம்பின்மேல் துணி சுற்றி, காய்ந்ததும் கழற்றி, கூட்டை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டோம்.

முற்போக்கு முகாமை விட்டுவிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் விட்மன் வேண்டும், தொழிலாளரைப் பாடிய விட்மன். கலாமஸ் அவர்களுக்கு முதலாளித்துவச் சீரழிவு. புரட்சி முடிந்த கையோடு தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த சோவியத் நாடு, 1934இல் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. கார்க்கியே அதை ஆதரித்து எழுதினார். நம்மவர்களுக்கு அந்த ஒரு சான்றிதழ் போதுமானதாக இருந்தது. 1993 வரை ருஷ்யாவில் அந்தச் சட்டம் இருந்தது. இங்கே வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன 377ஐ 2018இல் உச்ச நீதிமன்றம்தான் வெட்டியது. அதற்காக இலக்கியவாதிகள் வீதிக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு முகாமுக்கு இது இலக்கியத்துக்கு வெளியே, இன்னொன்றுக்கு வர்க்கத்துக்கு வெளியே. எந்தக் கூட்டத்திலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை!

சொல்லிலேயே பாருங்கள். ஓரினச்சேர்க்கை என்று நாம் எழுதி வந்தோம். சேர்க்கை! படுக்கையறைக்கு வெளியே அந்த மனிதனுக்கு ஒரு நிமிஷ வாழ்க்கையும் இல்லை போல. காதலுக்கு அகத்திணை ஐந்து, அதற்கு வெளியே கைக்கிளை, பெருந்திணை என்று நுணுக்கமாக வகுத்த மொழி இது. தன்பாலீர்ப்பு என்ற சொல் வர 21ஆம் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்ததிலும் சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பெரிய பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள்.

நண்பரிடம் ஒரு கடைசி அம்பு இருந்தது. "விட்மனே மறுத்திருக்கிறாரே" என்றார். உண்மைதான். ஜான் ஆடிங்டன் ஸைமண்ட்ஸ் என்ற ஆங்கில விமர்சகர், கலாமஸுக்கு அதுதானே அர்த்தம் என்று பல வருஷம் கடிதம் எழுதித் துளைத்தார். 1890 ஆகஸ்டில் விட்மன் பதில் எழுதினார்: அப்படி அர்த்தம் செய்வது அபாண்டம், கலியாணம் செய்துகொள்ளாவிட்டாலும் தனக்கு ஆறு குழந்தைகள் உண்டு என்று. அந்த ஆறு பேரில் ஒருவரையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. புத்தகம் ஆபாசம் என்று 1865இல் அவரை அரசாங்க வேலையிலிருந்து விரட்டியிருந்தார்கள். 1882இல் பாஸ்டன் அதிகாரிகள் மிரட்டிப் பதிப்பை நிறுத்தியிருந்தார்கள். கடிதம் எழுதிய ஐந்தாம் வருஷம் ஆஸ்கார் வைல்டை லண்டனில் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். இந்தச் சூழலில் எழுபத்தியொரு வயதுக் கிழவர் சொன்ன பொய்யைக் காட்டி, கவிதையில் இருப்பதை இல்லை என்கிறார் என் நண்பர். கவிஞன் கடிதத்தில் சொன்னதை நம்பாதே, கவிதையைப் படி என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்.

அந்த வைல்டின் பெயரில் 1967இல் நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடை தொடங்கினார்கள். தொடங்கிய கிரெய்க் ராட்வெல், ஜூலியஸில் கிளாஸ் மூடப்பட்டவர்களில் ஒருவர். 1973இல் கிறிஸ்டஃபர் தெருவுக்கு மாறியது. 2009இல் மூடிவிட்டார்கள். அந்தத் தெருவில் நான் மிகவும் பார்க்க விரும்பியது அதைத்தான். புத்தகம் விற்ற இடத்துக்கு எந்த வெண்கலமும் ஈடில்லை.

இந்தக் கட்டுரைக்குப் பதில் வரும் என்று தெரியும். ஆசிரியர் பக்கம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறவர்கள் என் ஆங்கிலோ-அமெரிக்க மோகத்தைப் பற்றியோ, விமான டிக்கெட்டுக்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றியோ எழுதி அந்தப் பக்கத்தை வீணாக்காமல், கலாமஸில் உள்ள நாற்பத்துச் சொச்சம் கவிதைகளில் ஏதேனும் ஒன்றைத் தமிழில் செய்து, அதன் வரி ஏன் அந்த இடத்தில் முறிகிறது என்று விளக்கி அனுப்பட்டும்.